ஒளிவேகத்தை நெருங்கும்போது சார்பு வேகத்தைக் கணக்கிடும் முறை

எதிரெதிரே விரைந்துவரும் இரண்டு விண்கலங்கள் ஒவ்வொன்றும் ஒளிவேகத்தில் 0.75 பங்கு வேகம் கொண்டவை என்றால், இரண்டையும் கூட்டி 1.5 என்று எழுதிவிட்டு, ஒளியின் எல்லை உடைந்துவிட்டதே என்று திகைப்பவர்கள் பலர். கூட்டியதில் தவறில்லை, அந்த எண் யாருடைய அளவீடு என்று கேட்காததுதான் தவறு. ஆகவே சூத்திரத்தைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு வேகத்துக்கும் பக்கத்திலேயே அதை அளந்தவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நின்று பார்ப்பவருக்கு, கலங்களுக்கு இடையே உள்ள தூரம் உண்மையாகவே ஒளிவேகத்தைப் போல் 1.5 மடங்கு வேகத்தில் குறைகிறது. இடைவெளி என்பது பொருள் அல்ல என்பதால் இதற்குத் தடை ஏதும் இல்லை. சார்பு வேகம் என்பதோ, ஒரு கலத்தில் இருப்பவர் தம்முடைய அளவுகோலையும் தம்முடைய கடிகாரத்தையும் கொண்டு மற்றக் கலத்தை அளந்து பெறும் வேகம். அவருடைய நீளமும் நேரமும் நடுவில் நிற்பவருடைய நீளத்தோடும் நேரத்தோடும் ஒத்துப்போவதில்லை என்று ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டியதால், வெறும் கூட்டல் இங்கே போதாது.

ஒளிவேகத்தை 1 என்று வைத்துக்கொண்டு, இரு வேகங்களின் கூட்டுத்தொகையை, அவற்றின் பெருக்கற்பலனோடு 1 சேர்த்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் 1.5-ஐ 1.5625-ஆல் வகுத்தால் 0.96 கிடைக்கும்.

ஒரே திசையில் செல்லும் கலங்களுக்கு, வகுபடும் எண்ணிலும் வகுக்கும் எண்ணிலும் கூட்டலுக்குப் பதில் கழித்தல் வரும். 0.9 வேகத்தில் செல்லும் கலம் 0.6 வேகத்தில் செல்வதைத் துரத்தினால், விடை 0.3 அல்ல, 0.3-ஐ 0.46-ஆல் வகுத்து வரும் ஏறத்தாழ 0.65. எளிய கழித்தலைவிட விடை பெரிதாவது இங்கேதான் என்பதால், இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சூத்திரத்தைச் சோதிக்க, ஒரு வேகத்தை 1 ஆக்குங்கள், மற்றது 0.75 ஆனால் 1.75-ஐ 1.75-ஆல் வகுக்க நேர்ந்து, விடை மீண்டும் 1 ஆகிறது. 1964-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஒளிவேகத்தில் 0.99975 பங்குக்கு மேல் விரைந்த பையான் என்னும் நுண்துகள்கள் சிதைந்து முன்னோக்கி உமிழ்ந்த, ஒளியின் ஒரு வகையான காமா கதிர்களும், அளவீட்டின் துல்லியத்துக்குள் அதே ஒளிவேகத்தில்தான் வந்து சேர்ந்தன.

இம்முறை ஒரே நேர்கோட்டில் நிகழும் இயக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். செங்குத்தான திசைகளில் 0.6, 0.8 வேகத்தில் செல்லும் கலங்களுக்குப் பிதாகரஸ் தேற்றம் சரியாக 1 என்று தரும். வேகங்களின் வர்க்கங்களைக் கூட்டியபின் அவ்வர்க்கங்களின் பெருக்கற்பலனைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், உண்மையான சார்பு வேகமான 0.877 கிடைக்கும்.