பல்கலைக்கழகம் புகுமுன் அறிந்துகொள்ள வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, வெட்டுப்புள்ளி அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவு அறிவித்தல் வந்து, முதல் விரிவுரைக்குப் போய் அமரும் வரை பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களைப் பலர் கணினி வகுப்பு, ஆங்கில வகுப்பு, அயலிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் என்று கழிக்கிறார்கள். அவையெல்லாம் பயனுள்ளவையே. ஆயினும் முதலாம் வருடத்தில் புதுமுக மாணவரைத் தடுமாற வைப்பது எது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், அந்த மாதங்களை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

ரியூட்டரியில் ஆசிரியர் குறிப்பைச் சொல்லி எழுத வைப்பார், கடந்தகால வினாத்தாள்களை வருடம் வருடமாகச் செய்விப்பார், இந்தப் பகுதியில் இம்முறை கட்டாயம் கேள்வி வரும் என்றும் சொல்லிவிடுவார். இரண்டு மூன்று வருடங்கள் அப்படியே படித்துப் பழகிய பிள்ளை, விரிவுரை மண்டபத்தில் திரையில் தோன்றி மறையும் சில தலைப்புகளையும் முடிவில் காட்டப்படும் ஐந்தாறு நூல்களின் பெயர்களையும் பார்த்துவிட்டு, “குறிப்பு எப்போது தருவார்கள்?” என்று காத்திருக்கிறது. காத்திருந்தே அரையாண்டின் பாதி போய்விடுகிறது. எதை, எவ்வளவு, எப்போது படிப்பது என்பதை இனி நீங்களே தீர்மானிக்க வேண்டும். அதற்குத் துணையாக வருவது ஒரு சிறிய கணக்கு.

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணி நேர உழைப்பு. விரிவுரையாக நடக்கும் பாடத்தில் அதில் 15 மணி நேரமே வகுப்பறைக்குரியது. ஆகவே மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 45 மணி நேரம் விரிவுரை கேட்டபின்னும் 105 மணி நேர வேலை மீதமிருக்கிறது. வருடத்துக்கு 30 கிரெடிட் என்றால் ஓர் அரையாண்டுக்கு 750 மணி நேரம். அதைப் பதினைந்து வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 50 மணி நேரம் வருகிறது. நேரசூசியில் வெறுமையாகத் தெரியும் பிற்பகல்களை ஓய்வு என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஜீ.பி.ஏ. எனப்படும் தரப்புள்ளிச் சராசரி. ‘ஏ’ தரத்துக்கு 4.0, ‘பி’ தரத்துக்கு 3.0, ‘சி’ தரத்துக்கு 2.0 என்ற புள்ளிகளை அந்தந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தே அது கணிக்கப்படுகிறது. ஒரு கிரெடிட் பாடத்தில் ‘ஏ’ எடுத்து மூன்று கிரெடிட் பாடத்தில் ‘சி’ எடுத்தால் சராசரி 3.0 ஆகாது, 2.5 தான் ஆகும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதற்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது. கலை, விஞ்ஞானம் போன்ற பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கு யாரைத் தெரிவது என்பதும் தொடக்க வருடப் பெறுபேற்றைக் கொண்டே முடிவாகிறது என்பதால், முதலாம் வருடத்தை ‘பழகும் காலம்’ என்று விட்டுவிடக் கூடாது.

இதில் என் தவற்றையும் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் இறுதிப் பரீட்சை ஒன்றே எல்லாம் என்று பழகியிருந்த நான், முதல் அரையாண்டில் ஒரு பாடத்தின் தொடர்மதிப்பீட்டுப் பரீட்சைகள், அதாவது அரையாண்டின் இடையிடையே வைக்கப்படும் பரீட்சைகள், இரண்டுக்குப் போகவில்லை. இறுதிப் பரீட்சையில் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். இறுதிப் பரீட்சையை நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் தொடர்மதிப்பீட்டுக்குரிய புள்ளிகள் இல்லாமற்போனதால் அந்தப் பாடத்தில் சித்தியடையவில்லை. மறுமுறை எழுதியபோது எவ்வளவு புள்ளி எடுத்தாலும் ‘சி’ தரத்துக்கு மேல் தரமாட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலான பீடங்களில் இதுவே விதி. அந்த ‘சி’ இன்றும் என் பெறுபேற்றுப் பத்திரத்தில் இருக்கிறது. பீடத்தின் கைநூலை முதல் வாரத்திலேயே வாங்கி, மதிப்பீடு, மறுபரீட்சை, 80 சதவீத வரவு, மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பிக்கும் கால எல்லை ஆகிய பகுதிகளைப் பேனா கொண்டு அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

மொழிக்கு வருவோம். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எல்லாம் ஆங்கில மொழிமூலமே. காத்திருக்கும் மாதங்களில் பேச்சு ஆங்கில வகுப்புக்குப் போவதோடு நின்றுவிடாமல், தமிழில் நன்கு தெரிந்த உயர்தர அலகொன்றை எடுத்து, அதே அலகை ஆங்கிலப் பாடநூலில் வாசியுங்கள். பொருள் ஏற்கனவே தெரியும் என்பதால் மொழி தானாகப் பிடிபடும். ஒரு கொப்பியை நடுவே கோடிட்டு, ஒளித்தொகுப்புக்கு எதிரே போட்டோசிந்தசிஸ், சார்புக்கு எதிரே பங்ஷன், ஆர்முடுகலுக்கு எதிரே அக்சலரேஷன் என்று ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதிவருவது நல்ல வழி. நாளுக்குப் பத்துச் சொல் போதும்.

கலைப்பீடத்தில் தமிழில் படிக்கலாம் என்றாலும் வாசிக்க வேண்டிய நூல்களிற் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகளுக்கு ‘நூலகம்’ எண்ணிம நூலகம் பெரும் துணை. அதில் தேடிப் பழகிக்கொள்ளுங்கள். தமிழ்த் தட்டச்சையும் யூனிகோடிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். நம்மூர்க் கணினி வகுப்புகளில் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் பலர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவர்களது கட்டுரையைத் திறந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். பாமினி விசைப்பலகை அமைப்பை வைத்துக்கொண்டே யூனிகோடில் தட்டச்சிடும் மென்பொருள்கள் உள்ளதால், பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை.

பத்திரங்களைப் பொறுத்தவரை, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம் ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளை ஒரே கோவையில் வைத்திருங்கள். மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பர்சரி உதவித்தொகைக்கும் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டியிருப்பதால், கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் கடைசி வாரத்தில் தேடி ஓடாதீர்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். தெரிவானாலும் பணம் உடனே கைக்கு வராது. முதற் சில மாதச் செலவுக்கு வீட்டில் ஒரு வழி செய்துவைக்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றதும் திருநெல்வேலி வளாகமே நினைவுக்கு வரும். ஆனால் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரிலும், இசையும் நடனமும் மருதனார்மடத்திலும், சித்த மருத்துவம் கைதடியிலும் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து அறிவியல்நகருக்கு நாள்தோறும் பஸ்ஸில் போய்வர எண்ணுபவர்கள், அந்தப் பயண நேரத்தை மேலே சொன்ன 50 மணி நேரத்தோடு வைத்துப் பார்த்தால் விடுதியா வீடா என்பதைத் தாமே முடிவுசெய்வார்கள். பேராதனை, மொறட்டுவை என்று தெற்கே போகிறவர்கள் அடிப்படைச் சிங்களமாவது கற்றுக்கொள்வது நல்லது. இங்கேயே படிப்பவர்களின் வகுப்பிலும் சிங்கள மாணவர்கள் இருப்பார்கள்.

பகிடிவதை பற்றி மூடிமறைக்காமல் பேச வேண்டும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது குற்றம். உடற்காயம் மட்டுமன்றி மன வேதனையோ அச்சமோ ஏற்படுத்தும் செயலும் அதில் அடங்கும். தண்டனை இரண்டு வருடம் வரையான கடூழியச் சிறை, கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ விளைந்தால் பத்து வருடம் வரை. “எல்லாரும் பட்டதுதானே, பல்லைக் கடித்துக்கொண்டு இரு” என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. தொலைபேசியில் வரும் மிரட்டலைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள். நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாணவ ஆலோசகரிடம் சொல்லலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம் வழியாகவும் முறையிடலாம். பகிடிவதைக்கு உடன்படாவிட்டால் சீனியர்களின் உதவி கிடைக்காது என்பது புதியவர்களைப் பயமுறுத்தச் சொல்லப்படும் பேச்சு. பரீட்சைக்கு முன் ‘குப்பி’ எனப்படும், மாணவர்களே நடத்தும் சிறு வகுப்பு வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் நல்ல சீனியர்கள் எல்லாப் பீடங்களிலும் இருக்கிறார்கள்.

குப்பிக்குப் போகும்போதும் வெறும் கொப்பியோடு போகாமல், விளங்காத இடங்களை எழுதிக்கொண்டு போங்கள். விரிவுரையாளரிடம் கேட்பதற்கும் அதுவே முறை. “சேர், ஒன்றும் விளங்கவில்லை” என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? “இந்தப் படிவரை விளங்கியது, அடுத்த படி எப்படி வந்தது?” என்று தாளைக் காட்டிக் கேட்டால், ஐந்து நிமிடத்தில் விடையோடு திரும்பலாம்.