அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம்: முதலில் ஸ்கூல் ப்ரொஃபைலைப் படியுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக்கு மாணவரின் ட்ரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) தனியாகப் போவதில்லை. ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ என்ற ஒன்றிரண்டு பக்கத் தாளும் கூடவே போகிறது. வகுப்பில் எத்தனை பேர், என்னென்ன ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) உண்டு, ஜி.பி.ஏ. (சராசரி கிரேடு புள்ளி) எப்படிப் போடுகிறார்கள், ரேங்க் தருகிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். பல கல்லூரிகளில் ஒரு வட்டாரத்து விண்ணப்பங்களை ஒரே அதிகாரிதான் படிப்பார். அவர் மாணவரை எடைபோடுவது அந்தப் பள்ளி கொடுத்த வாய்ப்புகளை வைத்துத்தான்.

அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தத் தாளைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் பள்ளி இணையதளத்தின் கவுன்சிலிங் பக்கத்தில் கிடைக்கும். இல்லாவிட்டால் கவுன்சிலரிடம் (மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) கேளுங்கள். ஆறே ஏ.பி. உள்ள பள்ளியில் ஐந்து எடுத்தவர் கடினமான பாதையில் போனவர். இருபத்தைந்து உள்ள பள்ளியில் அதே ஐந்து கண்ணில் படாது.

பலர் கவனிக்காத ஒன்று: பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கவுன்சிலர் நிரப்பும் ஸ்கூல் ரிப்போர்ட்டில், மாணவர் எடுத்த பாடங்கள் அந்தப் பள்ளி அளவில் எவ்வளவு கடினம் என்று குறிக்கச் சொல்கிறார்கள். மிகக் கடினம் என்ற கட்டத்துக்கு அந்தப் பள்ளியில் என்ன அளவுகோல் என்று பத்தாம் வகுப்பில், பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பன்னிரண்டில் கேட்டால் திருத்த நேரம் இருக்காது.

சில மாநிலங்களில் பள்ளிக்குள் கிடைக்கும் ரேங்க் சட்டப்படியே கதவைத் திறக்கும். டெக்சாஸில் 1997-இல் வந்த சட்டப்படி வகுப்பில் முதல் 10 சதவீதத்தினருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மட்டும் விலக்கு. 2026 இலையுதிர்கால சேர்க்கையிலிருந்து அங்கே முதல் 5 சதவீதம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: உறுதியாவது பல்கலைக்கழகத்தில் இடம்தான், கேட்ட துறை அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனியாகப் போட்டியிட வேண்டும்.

கலிபோர்னியாவில் யூ.சி. (பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம்), திட்டத்தில் பங்கேற்கும் ஒவ்வொரு கலிபோர்னியப் பள்ளியின் முதல் 9 சதவீதத்தையும் கணக்கில் எடுக்கிறது. கேட்ட வளாகம் எதுவும் கிடைக்காவிட்டால், இடம் இருக்கும் வேறொரு வளாகம் கிடைக்கும். பெர்க்லி வளாகத்துக்கு இது உத்தரவாதம் இல்லை. யூ.சி. ஜி.பி.ஏ.வில் பத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள்தான் சேரும். ஆனர்ஸ், ஏ.பி. போன்ற கடினப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளியும் எட்டு செமஸ்டர் பாடங்களோடு நின்றுவிடும், அதில் பத்தாம் வகுப்புக்கு நான்குதான்.

‘நல்ல பள்ளி’க்காகக் கடன் வாங்கி வீடு மாற நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். போட்டி மிகுந்த பள்ளியில் அதே பிள்ளையின் ரேங்க் இறங்கலாம். பாடங்கள் தேவைக்கு இருந்தால் இருக்கும் பள்ளியே போதும் என்பது எங்கள் கருத்து. மாறியே ஆக வேண்டுமென்றால், பழைய பள்ளியின் ஆனர்ஸ் பாடங்களுக்குப் புதிய பள்ளி கூடுதல் புள்ளி தருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வேண்டிய பாடமே பள்ளியில் இல்லையென்றால் அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜைப் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) பாருங்கள். யூ.சி.க்கு மாற்றத்தக்க ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடம், ஓராண்டு உயர்நிலைப் பள்ளிப் பாடமாகவே கணக்காகும். ஆனால் அங்கே வாங்கும் கிரேடு கல்லூரி ட்ரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும்; பாதியில் விலகுவதானால் அதற்கான கடைசி தேதியை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தானே படித்து ஏ.பி. தேர்வு எழுதுபவர்கள், வெளி மாணவரைத் தேர்வெழுத விடும் பள்ளியை செப்டம்பரிலேயே பிடிக்க வேண்டும். தேர்வு மே மாதம்தான் என்றாலும் வினாத்தாள் ஆர்டர் நவம்பர் நடுவில் முடிந்துவிடும்.

கவுன்சிலர் ஒருவருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பல பொதுப் பள்ளிகளில் அதற்கும் மேல். அவர் உங்கள் பிள்ளையை அறியாமலே பரிந்துரைக் கடிதம் எழுத நேரிடலாம். பதினொன்றாம் வகுப்பு முடியும் முன் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எடுக்க விரும்பியும் நேர அட்டவணை மோதலால் விட்ட பாடம், வீட்டுப் பொறுப்பு, பள்ளி நிறுத்திவிட்ட பாடம். இவற்றை மாணவர் சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியலாம். கவுன்சிலர் எழுதினால் தகவலாக நிற்கும்.