"விடுங்க, நானே போட்டுடறேன்": தொண்டர் மேனேஜர்கள் சறுக்கும் இடங்கள்

தலைவர் முதலில் தொண்டராக இருக்க வேண்டும் என்று 1970-இல் எழுதியவர் ராபர்ட் கிரீன்லீஃப். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் தொண்டர் என்றதும் கட்சிக்கொடிதான் ஞாபகம் வரும், அது வேறு கதை. கிரீன்லீஃப் வைத்த சோதனையில் முதல் கேள்வி இதுதான்: உங்களிடம் இருப்பவர்கள் வளர்கிறார்களா?

நான் டீம் லீடர் ஆன புதிதில் இதில்தான் தோற்றேன். புதிதாகச் சேர்ந்த பெண் மாதாந்தர ரிப்போர்ட்டில் எக்செல் ஃபார்முலா வராமல் திணறினால், "விடுங்க, நானே போட்டுடறேன்" என்று வாங்கிக்கொள்வேன். உதவி என்று நினைப்பு. ஆறு மாதம் கழித்து நான் லீவு போட்ட வாரம் ரிப்போர்ட் போகவில்லை. அவரை எப்படித் திட்டுவது? கற்றுக்கொள்ள விட்டால்தானே!

அடுத்த தவறு இதைவிட மோசம்: பிரச்சினையைச் சொன்னவரையே மடக்குவது. இதற்கு நேர்மாறாக நடப்பதைப் பாருங்கள். டொயோட்டா ஆலைகளில் கார்கள் நகரும் வரிசை நெடுக ஒரு கயிறு கட்டியிருப்பார்கள், அண்டோன் (andon) கயிறு என்று பெயர். இப்போது சில இடங்களில் பொத்தானாகிவிட்டது. போல்ட் சரியாக உட்காரவில்லையா, தொழிலாளி கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், டீம் லீடர் அவரிடம் வருவார். வண்டி அந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். யார் யாரைத் தேடி வருகிறார் என்று கவனியுங்கள்.

நம் அலுவலகங்களிலும் கயிறு உண்டு. "சந்தேகம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று மெயில் வரும். நம்பிச் சொன்னவரை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "ஏன் முன்னாடியே பார்க்கலை?" என்று கேட்பார்கள். அதோடு சரி, அப்புறம் அந்தக் கை கயிற்றுப் பக்கமே போகாது.

தொண்டர் என்றால் கண்டிக்கவே கூடாது என்று நினைப்பதும் தவறுதான். வேலை சரியில்லை என்பதை அப்ரைசல் வரை மறைத்து வைப்பது கருணையே இல்லை.

அப்புறம், எத்தனை பேர் வீடியோ பார்த்து முடித்தார்கள் என்று எண்ணும் இந்த ட்ரெயினிங் கணக்கு. வீடியோவை மியூட்டில் ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்காதவர் யார்? அதற்குப் பதில் வெள்ளிக்கிழமைதோறும் டீமோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த வாரம் நீங்கள் சொதப்பியதை முதலில் நீங்களே சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பரவாயில்லை, நான்காவது வாரமும் உட்காருங்கள்.