சீட்டு விழாத நாளில் ஆன்லைன் போக்கர் டேபிளை விட்டு எப்போது எழுந்திருப்பது?

கையில் இரண்டு ஏஸ். ஃப்ளாப் (நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) வருவதற்கு முன்பே ஆல்-இன், அதாவது இருந்த பணம் முழுவதையும், போட்டாயிற்று, எதிராளி இரண்டு கிங்கைக் காட்டுகிறார், ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டில், மூன்றாவது கிங் வந்து விழுகிறது. புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைத் தொலைப்பது இந்தக் கையில்கூட இல்லை, இதற்கு அடுத்த அரை மணி நேரத்தில்தான். அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடப்பது, உட்கார்ந்திருப்பதா எழுந்திருப்பதா என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எந்தக் கை எதை வெல்லும் என்று தெரிந்திருந்தால் போதும். ஆனால் ஒன்று, பணம் வைத்து ஆட நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி இல்லை என்றால் நிஜப் பணமில்லாமல் வெறும் சில்லு (சிப்) வைத்து ஆடும் டேபிளில் ஆடுங்கள், கீழே உள்ளதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும்.

படி 1: எவ்வளவு தோல்வி சகஜம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மோதினால் நூறில் ஏறக்குறைய 82 முறை ஏஸ் ஜெயிக்கும், 18 முறை தோற்கும். அதாவது ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை தோல்வி. ஃப்ளாப்பில் எதிராளிக்கு ஃப்ளஷுக்கு ஒரே ஒரு சீட்டு குறைகிறது என்றால், அவர் பார்க்காத 47 சீட்டில் 9 அவருக்கு உதவும், இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருப்பதால் அவருக்கு ஃப்ளஷ் அமைய 35 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மூன்றில் ஒரு தடவை அடி விழும்.

இன்னும் ஒரு கணக்கு. ஆறு பேர் உட்காரும் நோ-லிமிட் டேபிளில் (எப்போது வேண்டுமானாலும் முன்னால் இருப்பதை முழுவதும் போடலாம் என்கிற டேபிள்) நூறு கைக்கு சராசரியாக 5 பிக் பிளைண்ட் (சீட்டு போடும் முன்பே முறை வைத்து ஒருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) லாபம் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே நூறு கையில் பணம் மேலும் கீழும் ஆடுகிற அளவு, புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்களே அது, 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். அந்த நல்ல ஆட்டக்காரரே நூறு கை ஆடி எழுந்தால் கிட்டத்தட்ட பாதி நாள் நஷ்டத்தில்தான் எழுவார். 10,000 கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க நாலில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒரு சாயங்கால நஷ்டத்தை வைத்து உங்கள் ஆட்டத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது.

படி 2: உட்காருவதற்கு முன்பே எல்லை வையுங்கள்

ஒரு பை-இன், அதாவது டேபிளில் உட்காரக் கொண்டுபோகும் பணம், வழக்கமாக 100 பிக் பிளைண்ட். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பை-இன் போனால் போதும் என்று காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு உட்காருங்கள். சில்லு குறைந்தால் தானாகவே நிரப்பும் ஆட்டோ ரீலோட் வசதி உங்கள் தளத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள், இரண்டாவது பை-இன் எப்போது போனது என்பதே தெரியாமல் போவது அதனால்தான்.

இந்த எல்லை எதற்கு என்பதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்றைக்கு ராசி இல்லை, இன்னும் தோற்போம், அதனால் எழுந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இன்னொரு கூட்டம், இவ்வளவு நேரம் தோற்றாயிற்று, இனி நல்ல சீட்டு வந்தே தீரும் என்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே தவறு. ஒவ்வொரு கைக்கும் 52 சீட்டும் புதிதாகக் கலைக்கப்படுகின்றன, போன கையில் யார் தோற்றார் என்பது சீட்டுக்குத் தெரியாது. அடுத்த கையிலும் ஏஸ் ஜோடி வர 221-ல் ஒரு வாய்ப்புதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. எல்லை வைப்பது உங்கள் தலைக்காக. இரண்டு பை-இன் போன பிறகு 'நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்' என்று உங்களுக்கு நீங்களே சொல்வதை நம்ப முடியாது, அதனால் நிதானமாக இருந்தபோது எடுத்த முடிவை நம்புகிறோம்.

படி 3: பெரிய கை தோற்றதும் ஒரே ஒரு கேள்வி

ஹேண்ட் ஹிஸ்டரியை (ஆடிய கைகளைத் தளம் சேமித்து வைக்கும் பதிவு) திறந்து, எதிராளியின் சீட்டை மறந்துவிட்டு, அந்த நேரத்தில் தெரிந்ததை மட்டும் வைத்துக் கேளுங்கள்: இதே இடம் மறுபடி வந்தால் இதையேதான் செய்வேனா? ஆமாம் என்றால் அது துரதிர்ஷ்டம், உட்காரலாம். இல்லை என்றால் அது உங்கள் தவறு, ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடு விழுந்தால் எழுந்துவிடுங்கள், எல்லையைத் தொட்டிருக்காவிட்டாலும்.

படி 4: டில்ட் வருகிறதா என்று கவனியுங்கள்

மனசு கலங்கி ஆட்டம் மாறுவதைத்தான் டில்ட் என்கிறோம். மேசையை ஓங்கிக் குத்துவதாகத்தான் அது இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஏஸ் ஜோடி இரண்டு தடவை அடுத்தடுத்து தோற்றது, எனக்குக் கோபமே வரவில்லை, ரொம்ப அமைதியாக இருப்பதாகவே தோன்றியது. மறுநாள் அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வழக்கமாக நூறு கையில் 22, 23 கைக்குப் பணம் போட்டு நுழையும் நான் கடைசி எண்பது கையில் பாதிக்கு மேல் நுழைந்திருக்கிறேன், அதுவும் என் ஏஸை உடைத்த அதே ஆள் பெட் (பந்தயம்) போட்ட கைகளில்.

ஆகவே கோபத்தைத் தேடாதீர்கள், விரலைப் பாருங்கள். ஃபோல்டு செய்ய (சீட்டை விட்டுவிட) வேண்டிய கையை 'ஒரு சீட்டுதானே, பார்த்துவிடலாம்' என்று கால் செய்கிறதா (எதிராளி போட்டதற்கு ஈடாகப் பணம் போடுகிறதா)? யோசிக்கும் முன்பே பட்டனை அழுத்துகிறதா? விட்டதைப் பிடிக்கப் பெரிய பிளைண்ட் டேபிளையோ இரண்டாவது டேபிளையோ திறக்கிறதா? கடைசியில் சொன்னது மட்டும் ஒரே தடவை நடந்தாலும் போதும், அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

படி 5: டேபிளையும் பாருங்கள்

எல்லை தாண்டவில்லை, மனசும் தெளிவாக இருக்கிறது, எதிரில் கண்ட கைக்கெல்லாம் கால் செய்யும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் தோற்றுக்கொண்டிருந்தாலும் இருங்கள். அவர் எழுந்து போய், மீதி இருப்பவர்கள் எல்லோரும் உங்களைவிட நன்றாக ஆடுகிறவர்கள் என்றால் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள். தோற்றுக்கொண்டிருப்பவர் ப்ளஃப் அடித்தால் (நல்ல கை இருப்பதுபோல் ஏமாற்றிப் பந்தயம் போட்டால்) மற்றவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: எழுந்திருக்கும் விதம்

நிதானமாகக் கிளம்புவதாக இருந்தால், பல தளங்களில் அடுத்த பிக் பிளைண்ட் வரும்போது சிட் அவுட் ஆகும்படி (கை வராமல் ஒதுங்கிக்கொள்ளும்படி) ஒரு பெட்டி இருக்கும், அதைக் குறியிட்டுவிட்டு, ஏற்கெனவே பிளைண்ட் கட்டிய சுற்றை முடித்துப் போகலாம். டில்ட் என்று தெரிந்தால் அந்த இலவசக் கைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஃபோல்டு செய்யுங்கள், டேபிளை மூடுங்கள், டேபிள் பட்டியல் காட்டும் லாபியில் சுற்றாமல் லாக் அவுட் செய்துவிடுங்கள். டோர்னமென்டில் இது முடியாது, அங்கே சில்லு பணமாகாது, எழுந்து போனால் பிளைண்டே அதைத் தின்றுவிடும். இடைவேளை வரைக்கும் நல்ல கைகளை மட்டும் ஆடிவிட்டு, இடைவேளையில் நாற்காலியை விட்டு எழுந்து போங்கள்.

இத்தனையும் எழுதி வைத்தும், எல்லை தாண்டி மறுபடி மறுபடி பணம் போடுகிறீர்கள் என்றாலோ, வீட்டுச் செலவுப் பணம் உள்ளே போகிறது என்றாலோ, அதை இந்தப் படிகளால் சரிசெய்ய முடியாது. முறையான தளங்களில் கணக்கு அமைப்புகளுக்குள் சுய விலக்கு என்று ஒரு வசதி இருக்கும், அதை அழுத்தினால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் காலம் முடியும் வரை உள்ளே வர முடியாது. அதை அன்றைக்கே அழுத்துங்கள், அழுத்தியதை நெருங்கிய ஒருவரிடம் சொல்லியும் விடுங்கள்.