கேரவன் வேனில் இன்ஜின் சூடும் சத்தமும்: ஷீட் ஒட்டுவதில் நடக்கும் தவறுகள்

டெம்போ டிராவலர் வகை வேனைக் கேரவனாக மாற்றுபவர்கள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் செலவழித்துவிட்டு, முன் சீட்டுகளுக்கு நடுவே துருத்தி நிற்கும் இன்ஜின் கவரைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். கடையில் கிடைக்கும் வெள்ளி நிற ஷீட்டை ஒரு சுற்று ஒட்டுவதோடு சரி. பிறகும் கால் சுடும், பேச்சு கேட்காது.

அந்த ஷீட் பெரும்பாலும் 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர். தகரத்தின் அதிர்வை அடக்குவது மட்டுமே அதன் வேலை. பரப்பில் கால் பங்கு முதல் பாதி வரை ஒட்டினாலே போதும். முழுக்க ஒட்டினால் சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடை ஏறும், பலன் அந்த அளவுக்கு ஏறாது. சூட்டுக்கு 10 மி.மீ. நைட்ரைல் ஃபோம் வேண்டும், ஏசி குழாயில் சுற்றுகிற அதே கறுப்பு ரப்பர். காற்றில் வரும் சத்தத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் வேண்டும். இன்ஜின் கவரின் கேபின் பக்கம் வரிசை இப்படி: பியூட்டைல், ஃபோம், வினைல், மேலே கார்பெட். வினைலை நேரே தகரத்தில் ஒட்டினால் அதுவும் சேர்ந்து அதிரும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்கள்கூடக் கோட்டைவிடுவது இடுக்குகளில்தான். மூடிய பரப்பில் 1% திறந்திருந்தாலும், எவ்வளவு கனமான ஷீட் போட்டாலும் சத்தம் சுமார் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. இன்ஜின் ஆறிய பிறகு, இருட்டில், வண்டிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி டார்ச் அடித்துக் கேபினுக்குள் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் சத்தமும் கசியும், சூடான காற்றும் வரும். கவரின் விளிம்பு ரப்பர் சப்பையாகியிருக்கும். ஒரு தாளை வைத்துக் கவரைப் பூட்டி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். ஒயர், கியர் கேபிள் நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஷீட் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது, செலவும் குறைவு.

இன்ஜின் பக்கம் கதையே வேறு. நைட்ரைல் ஃபோம் தாங்குவது ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸ். டர்போவும் (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பாகம்) மேனிஃபோல்டும் (இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) அதைவிடப் பல மடங்கு சுடும். அங்கே அலுமினியத் தாள் போர்த்திய கண்ணாடி இழை ஷீட்தான் சரி. பசையை மட்டும் நம்பினால் சூட்டில் இளகி, ஷீட் இன்ஜினில் சுழலும் பெல்ட்டின் மேல் விழும். ஸ்க்ரூவும் அகல வாஷரும் போடுங்கள். வெட்டிய ஓரங்களை அலுமினிய டேப்பால் மூடாவிட்டால் எண்ணெயை உறிஞ்சித் தீப்பிடிக்கக் காத்திருக்கும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். டர்போவுக்கு நேர் எதிரே, 15–20 மி.மீ. காற்று இடைவெளி விட்டு ஒரு தகரத் தடுப்பும் வையுங்கள். பளபளக்கும் தாளும் இப்படித்தான்: எதிரே காற்று இடைவெளி இல்லாமல் இரண்டு ஷீட்டுக்கு நடுவே நசுங்கினால் சூட்டைத் திருப்பி அனுப்பாது.

மேனிஃபோல்ட் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டாலோ, புகை கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் ஷீட் போட்டால் சத்தம் அமுங்கும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு நிற்காது. படுக்கைக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள்.