வன்னியில் இசைக்குழுவுக்கு வாகனம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாகனம் பார்க்கப் போகும் இசைக்குழுக்காரர் முதலில் கேட்பது விலையையும் எஞ்சினையும்தான். சாமான்களைப் பற்றிய யோசனை, வாகனம் வீட்டு முற்றத்துக்கு வந்த பிறகுதான் வருகிறது. எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி கதவால் நுழையாவிட்டால் என்ன பயன்? பெட்டியை அளந்து வைத்துக்கொண்டு வாகனம் பார்க்கப் போங்கள் என்பதைத்தான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

அளக்கும்போதும் பலர் உள்ளே இருக்கும் நீள அகலத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். வானுக்கு உள்ளே விசாலமாக இருக்கும். ஆனால் பின்கதவின் வாய் அதைவிடச் சிறியது. பின்சில்லுகளுக்கு மேலுள்ள மேடுகளும் தளத்தின் அகலத்தைத் தின்றுவிடும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய பேஸ் பெட்டி, மிக நீளமான கீபோர்ட் பெட்டி, இந்த இரண்டின் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 88 கட்டை கீபோர்ட் கடினப் பெட்டியோடு ஐந்தடியை எட்டும். பட்டா என்று நாம் சொல்லும் சின்ன டாடா ஏஸ் லொறியின் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். கேட்கும்போது தாராளமாகத் தெரியும். நாலு பேஸ் பெட்டியை வைத்த பிறகு பார்த்தால் அது வேறு கதை.

அடுத்தது பாரம். 18 அங்குல பேஸ் பெட்டி ஒன்று 40, 50 கிலோ வரும். அப்படி நாலு, மேல் பெட்டி நாலு, அம்ப்ளிபயர் ராக், மிக்ஸர், கேபிள் பெட்டி, ட்ரம் செட், கீபோர்ட் என்று கூட்டிக்கொண்டு போனால் 500 கிலோவைத் தொட்டுவிடும். கலைஞர்கள் எட்டுப் பேரும் அதே வாகனத்தில் ஏறினால் இன்னுமொரு 500 கிலோ. பதிவுச் சான்றிதழில் வாகனத்தின் வெற்று எடையும் மொத்த எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். விற்பவர் “எவ்வளவும் இழுக்கும்” என்பார். இழுப்பது எஞ்சினின் வேலை. குறுக்கே மாடு வந்தால் பிரேக் பிடிக்க வேண்டுமே.

ஏற்றி இறக்கும் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கன்டர் லொறியின் தட்டு இடுப்புக்கு மேல் நிற்கும். வானின் தளம் முழங்காலுக்குச் சற்று மேலேதான். மாலையில் ஏற்றும்போது அது பெரிதாகத் தெரியாது. திருவிழா முடிந்து விடியப்புறம் மூன்று நாலு மணிக்கு, நித்திரைக் கண்ணோடு அந்த 50 கிலோப் பெட்டியை நெஞ்சளவுக்குத் தூக்கும்போதுதான் நாரி பிடிக்கும், பெட்டியும் கை தவறும். லொறிதான் வேண்டும் என்றால் ஒரு சாய்வுப் பலகையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீதி. வன்னியில் வாத்தியத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதி காபெட், சாமான் அசையாது. ஆனால் கோயில்கள் எல்லாம் ஏ9 ஓரத்தில் இல்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, துணுக்காய், மல்லாவிப் பக்கம், முழங்காவிலின் உட்கிராமங்கள் என்று போகும்போது கடைசி இரண்டு மூன்று மைல் கிறவல்தான். அந்த மைல்களை மனதில் வைத்துத்தான் வாகனம் தெரிவு செய்ய வேண்டும்.

கிறவல் வீதியில் சாமானுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று குலுக்கல். பாரம் ஏற்றப் பழகிய வாகனங்களின் பின்பக்க வில்தகடு, பாதிப் பாரத்தோடு ஓடும்போது கல்லுமாதிரி இருக்கும். அந்த அதிர்வு நேரே பெட்டிக்குப் போகும். ஒரு சீசன் அப்படி ஓடிய கீபோர்டைக் கழற்றிப் பாருங்கள்: மின்வயர் குத்தும் இடத்தில் ஈயப்பற்று வட்டமாக வெடித்திருக்கும். வயரைச் சற்று ஆட்டினால் உயிர் வரும், விட்டால் போகும். ஸ்பீக்கரைப் பெட்டியோடு பிடித்திருக்கும் ஆணிகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, பேஸ் அடிக்கும்போது கரகரவென்று கேட்கும். அப்போது ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் காசைச் செலவழிக்கிறார்கள். தளத்தில் தடித்த ரப்பர் விரிப்பு, கீபோர்டுக்குப் பஞ்சு வைத்த கடினப் பெட்டி, பெட்டிகளை இறுக்க நல்ல பட்டிகள், இவற்றுக்கும் சேர்த்தே வாகனத்தின் பட்ஜெட்டைப் போடுங்கள்.

மற்றது தூசி. கோடையில் திறந்த தட்டில் தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டினாலும் செம்மண் தூசி உள்ளே வரும். மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் பேடர்களின் இடுக்குகளில் அது மாவு மாதிரிப் படிந்தால், தள்ளும்போதெல்லாம் கரகரக்கும். அதே தறப்பாள் மாரியில் ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு மடிப்பில் தேங்கிய தண்ணீர் உள்ளே ஒழுகும். அதனால் மூடிய வாகனம்தான் என் தெரிவு. ஆறேழு பேர் கொண்ட குழுவுக்கு உயரக் கூரை ஹயஸ் வானைவிடப் பொருத்தமானது இந்தப் பக்கம் கிடையாது. மேலே தூக்கும் பின்கதவு இறக்கும் இடத்தில் மழைக்குக் கூரையாகவும் நிற்கும். பேஸ் பெட்டி கூடுதலாகத் தேவைப்படும் நாளில் ஒரு பட்டாவை வாடகைக்குப் பிடித்தால் போதும்.

வானில் ஆட்களும் சாமானும் ஒன்றாகப் போவதென்றால் நடுவில் தடுப்பு வேண்டும். இரவில் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் மாடும் யானையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. திடீரென்று பிரேக் போட்டால், கட்டாத பெட்டி பின்சீட்டில் இருப்பவரின் கழுத்துக்கு வரும். பெற்றோல் ஜெனரேட்டரையும் பெற்றோல் கானையும் ஆட்கள் இருக்கும் மூடிய வானில் ஏற்றவே வேண்டாம். லொறித் தட்டில் பெட்டிகளுக்கு மேல் ஆட்களை இருத்திக்கொண்டு போவதும் அப்படித்தான். பொலிஸ் மறிப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை, விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன்.

லீசிங் பற்றியும் ஒரு சொல். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் ஏறிய பழைய வாகனங்களின் விலை சிறு குழுக்களுக்கு இன்னும் பெரிய சுமை. நமது நிகழ்ச்சிகளோ பங்குனி முதல் ஆவணி வரைதான் நெருக்கம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் ஓய்வே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அழைப்பு அருமை. ஆனால் தவணை மாதாமாதம் வரும். வெறும் மாதத்தில் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த மாதங்களுக்கு வேறு சவாரி ஓடலாம் என்று நினைத்தால், தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாகனக் காப்புறுதி இருப்பதால் உள்ளே இருக்கும் வாத்தியமும் காப்பில் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது.

பழைய வாகனம் எடுப்பவர்கள் பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, அந்த வாகனம் முன்பு என்ன ஏற்றியது என்று விசாரியுங்கள். கரையோரத்தில் மீன் ஏற்றிய வாகனம் என்றால், ஐஸோடு ஒழுகிய உப்புத் தண்ணீர் தளத்தையும் சட்டத்தையும் அரித்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். தளவிரிப்பைத் தூக்கி, வாகனத்துக்குக் கீழே டோர்ச் அடித்து, சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு பொருக்குப் பொருக்காகக் கொட்டினாலோ சத்தம் மந்தமாகக் கேட்டாலோ அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.