பல வேடம் கட்டிய நடிகரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

ஒரு நடிகரின் வாழ்க்கையை எழுத உட்காரும்போது பிறந்த ஊர், பெற்றோர் பெயர், படித்த பள்ளி என்று தொடங்காதீர்கள். அவர் ஏற்ற வேடங்களின் பட்டியலை முதலில் எழுதுங்கள். கடைசி வரை கதாநாயகனாகவே நடித்தவர் என்றால், வெற்றிப் படங்களையும் விருதுகளையும் ஆண்டுவாரியாக அடுக்கினாலே வாழ்க்கை ஓரளவு வந்துவிடும். வில்லனாகவும் தகப்பனாகவும் கடவுளாகவும் கஞ்சனாகவும் மாறி மாறி வந்த குணச்சித்திர நடிகருக்கு அந்த வழி உதவாது. சுவரொட்டியில் அவர் முகம் ஓரத்தில்தான் இருக்கும், பேட்டிகள் குறைவாக இருக்கும், விருதுகள் தாமதமாக வந்திருக்கும் அல்லது வராமலே போயிருக்கும். அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நம்பகமான சாட்சி அவருடைய வேடங்கள்தாம்.

காரைக்குடி வட்டாரத்தில் விழா மலர்களுக்காகவும் கல்லூரி ஆய்வேடுகளுக்காகவும் இத்தகைய வாழ்க்கைக் குறிப்புகளை எழுத விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வரும்போது நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்வதற்கு ஒரு வசதி உண்டு. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், சென்னைக்கு இடம் மாறும் முன்பு தம் ஸ்டுடியோவைத் தேவகோட்டை ரஸ்தாவில்தான் நடத்தினார். 1947 ஜனவரியில் வெளியான 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்ட படம். அந்தப் படத்தில்தான் வி.கே. ராமசாமி திரைக்கு வந்தார். எனவே எடுத்துக்காட்டுகளில் பாதியை அவரிடமிருந்தும், மீதியை டி.எஸ். பாலையாவிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறேன்.

சிட்டையும் பேரேடும்

செட்டிநாட்டு வீடுகளில் கணக்கு எழுதிய முறையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று நடந்ததெல்லாம் சிட்டையில் ஏறும். பிறகு அது இனம் பிரிந்து பேரேட்டுக்குப் போகும். நடிகரைப் பற்றிய வேலைக்கும் இரண்டு நோட்டுகள் வேண்டும். கேட்டது, படித்தது, பார்த்தது எல்லாவற்றையும் தேதியோடும் யார் சொன்னார் என்ற குறிப்போடும் சிட்டையில் எழுதிவிடுங்கள். பேரேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு தனித்தனி ஆதாரங்கள் ஒத்துப்போகும் செய்தியை மட்டும் அங்கே ஏற்றுங்கள். ஒரே பழைய கட்டுரையைப் பார்த்து எழுதிய நான்கு கட்டுரைகளை நான்கு ஆதாரங்களாகக் கொள்ளக் கூடாது. அவை ஓர் ஆதாரமே.

பட்டியலுக்கு முதல் ஆதாரம் பாட்டுப் புத்தகம். படம் வெளியாகும்போது கொட்டகை வாசலில் விற்ற அந்தச் சிறு புத்தகத்தில் நடிகர்களின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் கதைச் சுருக்கமும் பாடல்களும் இருக்கும். கதாநாயகனின் பெயரை ஊரே சொல்லும், ஆனால் நான்காவது வரிசையில் நின்ற நடிகரின் பாத்திரப் பெயரைச் சொல்ல இந்தப் புத்தகமே கதி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், மரச்சாமான்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் இடையில் பொறுமையாகத் தேடிப் பாருங்கள். அதற்கும் முன்பு, உறவினர் வீடுகளின் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஓர் எச்சரிக்கை: பாட்டுப் புத்தகம் படம் திரைக்கு வருமுன் அச்சானது. ஆகவே கடைசி நேரத்தில் வெட்டப்பட்ட பாடலும் அதில் இருக்கக்கூடும். படத்தைப் பார்க்காமல், 'இந்தக் காட்சியில் அவர் இப்படி நடித்தார்' என்று எழுதிவிட வேண்டாம்.

பெயர்களில் இன்னொரு குழி இருக்கிறது. ஒரே காலத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். 'சபாபதி'யின் கதாநாயகர் டி.ஆர். ராமச்சந்திரன், அதே ஆண்டுகளில் சிறு வேடங்களில் வந்துகொண்டிருந்த எம்.ஜி. ராமச்சந்திரனின் பெயர் தொடக்கப் படங்களில் 'ராம்சந்தர்' என்று அச்சாகியிருக்கிறது. முதலெழுத்துகளை ஒருபோதும் சுருக்காதீர்கள். அவை ஊரையும் தகப்பனையும் சுமந்து நிற்பவை, வி.கே.ஆரின் முதல் எழுத்து விருதுநகரைக் குறிக்கிறது.

வயதுக்கு ஒரு பத்தி

பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் படம் வெளியான ஆண்டுக்குப் பக்கத்தில் நடிகரின் அன்றைய வயதையும், பாத்திரத்தின் வயதையும் எழுதி வாருங்கள். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு சொல்லும் என்று நானும் தொடக்கத்தில் நம்பவில்லை. வி.கே. ராமசாமி பிறந்தது 1926 ஜனவரி 1. 'நாம் இருவர்' 1947 ஜனவரியில் வந்தது என்றால், படப்பிடிப்பு அதற்கு முந்திய ஆண்டில் நடந்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு இருபது வயது. அவர் ஏற்றதோ ஒரு முதியவர் வேடம். அங்கிருந்து 1985இல் 'ஆண் பாவம்', 1987இல் 'வேலைக்காரன்', 1997இல் 'அருணாச்சலம்' என்று பக்கங்களைப் புரட்டினால், பாத்திரத்தின் வயது பெரிதாக நகரவேயில்லை என்பதும், நடிகர்தாம் மெல்ல மெல்ல நடந்து தம் வேடத்தின் வயதை எட்டிப் பிடித்திருக்கிறார் என்பதும் தெரியவரும். இருபது வயதில் தோளையும் குரலையும் தளர்த்தி உண்டாக்கிய முதுமைக்கும், எழுபதில் தானாக வந்த முதுமைக்கும் என்ன வேறுபாடு என்று இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து எழுதினால், அது வேறு எவரும் எழுதியிராத ஓர் அத்தியாயமாக அமையும். இடையில் 1978இல் 'ருத்ர தாண்டவம்' படத்தில் சிவபெருமானாகவே வந்தார் என்பதையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

பாலையாவின் பேரேடு வேறு மாதிரி. 1936இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கியவர், 1937இன் 'அம்பிகாபதி' முதலாக வில்லனாக வேரூன்றினார்; 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுச் சேட்டாக வந்தார்; 1964இல், ஐம்பதை நெருங்கிய வயதில், 'காதலிக்க நேரமில்லை'யின் பணக்காரத் தகப்பனாக மக்களைச் சிரிக்க வைத்தார். இங்கே மாறியது வேடத்தின் இனம். ஆகவே பன்முக நடிப்பு என்ற ஒரே சொல்லை இருவருக்கும் பொதுவாக எழுதிவிட்டுப் போவது இருவருக்கும் செய்யும் அநீதி. ஒருவர் ஒரே வயதுக்குள் பல மனிதர்களைக் கண்டெடுத்தார். மற்றவர் மனிதருக்கு மனிதர் தம்மையே புரட்டிப் போட்டார். உங்கள் நடிகர் எந்த வகை என்பதை வயதுப் பத்தியே காட்டிவிடும்.

ஒரே செயல், இரண்டு வேடம்

நடிப்பைப் பற்றி எழுதும்போது 'தத்ரூபமாக நடித்தார்', 'பாத்திரமாகவே வாழ்ந்தார்' என்ற தொடர்களைத் தொடவே வேண்டாம். அவை எந்த நடிகருக்கும் பொருந்தும் என்பதால் எவரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அவற்றுக்கு மாற்றாக நான் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நடிகர் இரண்டு படங்களில் செய்யும் ஒரே செயலைத் தேர்ந்தெடுங்கள்: சாப்பிடுவது, படியேறுவது, கடிதம் படிப்பது, எதுவாகவும் இருக்கலாம். பாலையாவுக்கு நான் எடுத்துக்கொள்வது கேட்பது.

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. அந்தக் காட்சியில் பாலையாவுக்கு வசனம் மிகக் கொஞ்சம்; அவர் செய்வதெல்லாம் கேட்பதே. கதையின் ஒவ்வொரு திருப்பமும் முதலில் அவர் முகத்தில் நடந்து, அதைப் பார்த்துத்தான் நமக்கு அச்சமும் சிரிப்பும் வருகின்றன. அடுத்த ஆண்டில் வந்த 'திருவிளையாட'லில் அவர் ஹேமநாத பாகவதர். அரசவையில் 'ஒரு நாள் போதுமா' என்று கர்வத்தோடு பாடியவர், பின்னர் விறகு வெட்டியாக வந்த இறைவனின் பாட்டைக் கேட்க நேரும்போது, அதே முகம், அதே காதுகள், ஆனால் அங்கே நடப்பது ஒரு மனிதனின் செருக்கு உடைவது. முன்னதில் கேட்பது பயமாகிறது; பின்னதில் கேட்பது தோல்வியாகிறது. ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு காட்சிகளையும் மூன்று முறை பாருங்கள். கண் எப்போது விரிகிறது, கழுத்து எப்போது தளர்கிறது, கை எங்கே போகிறது என்று எழுதுங்கள்.

இந்தப் பயிற்சியிலேயே யார் பங்கு எது என்பதையும் பிரித்தாக வேண்டும். 'ஒரு நாள் போதுமா' பாடலின் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, இசை கே.வி. மகாதேவனுடையது, சொற்கள் நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனுடையவை, காட்சியை அமைத்தவர் ஏ.பி. நாகராஜன். இவ்வளவையும் உரியவர்களுக்குக் கொடுத்த பின் மிஞ்சுவது எதுவோ அதுவே நடிகருடையது. அது குறைவாக இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். பாடாத ஒருவர், பாடுகிறவரின் பெருமிதத்தை உடம்பால் உண்டாக்கியிருக்கிறார். மூன்று ஆண்டுகள் கழித்து 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில் வித்துவானாக அவர் அமர்ந்திருக்கும் விதத்தை இதனோடு ஒப்பிட்டால், ஒரே இசையுலகின் இரண்டு வேறு மனிதர்களை அவர் எப்படிப் பிரித்துக் காட்டினார் என்பதும் விளங்கும்.

நாடகக் காலத்தை விட்டுவிடாதீர்கள்

அந்தத் தலைமுறை நடிகர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் கழிக்க வேண்டிய வயதை, சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனியில் கழித்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சபை இத்தகைய பிற்காலச் சபைகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா மேடையிலிருந்து வந்து 1940இன் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் கட்டினார். கம்பெனியில் சிறுவன் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று எந்த வேடத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். மகரக்கட்டு உடைந்து குரல் மாறும் பருவத்தில் பாட்டு போய்விட்டால், வசனத்தையும் உடம்பையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும். திரையில் நாம் வியக்கும் பன்முகத் திறமையின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எனவே உங்கள் நடிகர் எந்தக் கம்பெனியில், எந்த வயதில், எந்த வேடத்தில் இருந்தார் என்பதற்குத் தனிப் பக்கங்கள் வையுங்கள். நாடக நோட்டீசுகளில் வேடப் பெயரோடு நடிகர் பெயரும் இருந்தால் அதைப் பொன்போல் காத்து வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

இதில் நான் தவறியதைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊர் ஆச்சி ஒருவர், ரஸ்தா ஸ்டுடியோவில் ஒரு நடிகரை நேரில் கண்டதாகச் சொன்னதை அப்படியே ஒரு மலரில் எழுதிவிட்டேன். அச்சான பிறகு கணக்குப் பார்த்தபோது, அந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்தில் ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டிருந்தது. ஆச்சி பொய் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் கண்ட ஒருவரையும் பிறகு திரையில் கண்ட ஒருவரையும் நினைவு ஒன்றாக்கிவிட்டது. பிழை முழுக்க என்னுடையது, ஏனென்றால் நான் கேட்ட கேள்வியே சரியில்லை.

'அது எந்த வருஷம், ஆச்சி?' என்று கேட்டால் ஏதோ ஒரு வருஷம் பதிலாக வரும். 'அப்போது வீட்டில் யாருக்குத் திருவாதிரைப் புதுமைச் சடங்கு நடந்தது? பர்மாவிலிருந்து ஐயா திரும்பிவிட்டார்களா? கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு முன்பா, பின்பா?' என்று கேட்டால், குடும்பக் கணக்கோடு ஒட்டிய உறுதியான பதில் வரும். அதை வைத்து ஆண்டை நீங்களே கண்டுபிடிக்கலாம். வளவில் உட்கார்ந்து பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லி அனுமதி பெறுங்கள். நடிகரின் குடும்பத்தாரிடம் பேசும்போது, அவருடைய திருமணத் தகராறு, கடன், குடி என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். அவர்களாகச் சொன்னாலும், தொழிலோடு தொடர்பில்லாததைச் சிட்டையோடு நிறுத்திவிடுங்கள்.

சென்னைக்கு ஒரு பயணம்

உள்ளூரில் தேடி முடித்தபின் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய்வாருங்கள். அது நம் கோட்டையூர்க்காரர் சேர்த்த செல்வம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா, கிடைத்த நூல்களோடு பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று பிறர் தூக்கி எறிந்த தாள்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் அது நூலகமாயிற்று. என்ன தேடுகிறீர்கள் என்பதைப் படப் பெயரும் ஆண்டுமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நாள் வீணாகாது. படச்சுருள்களைப் பற்றிய ஐயங்களுக்குப் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்.

பேரேடு நிறைந்தபின் எழுதத் தொடங்குங்கள். ஆண்டு வரிசையில் எழுதுவதைவிட, தகப்பன் வேடங்கள், கெட்டவன் வேடங்கள், கலைஞர் வேடங்கள் என்று இழை இழையாக எழுதினால் நடிகரின் வளர்ச்சி தெளிவாகத் தெரியும். பிறப்பு, இறப்பு, குடும்பம் ஆகியவற்றுக்கு ஒரு பக்கம் போதும். படப் பட்டியலைக் கடைசியில் முழுமையாகச் சேருங்கள். அச்சிடும்போது பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தை வெற்றாக விடச் சொல்லுங்கள். பத்துப் பிரதிகளைப் பெரியவர்கள் வீட்டில் கொடுத்து, விடுபட்ட வேடத்தை அந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதித் தரும்படி கேட்டு, ஆண்டுக்கொரு முறை வரும் பிள்ளையார் நோன்பு ஒன்று கழித்துப் போய் அவற்றைத் திரும்ப வாங்கி வாருங்கள்.